அயாகுச்சோ பெட்டியும் வாங்குபவரின் கையும்

வெளிநாட்டு நாட்டார் கலைப்பொருள்களைத் தேடிச் சேகரிக்கும் நண்பர்கள் 'அசல்' என்ற சொல்லை மிகுந்த பெருமையோடு பயன்படுத்துகிறார்கள். சடங்குக்காகச் செய்யப்பட்டது உயர்ந்தது, விற்பனைக்காகச் செய்யப்பட்டது தாழ்ந்தது என்பது அவர்களுடைய கணக்கு. பல ஆண்டுகளாகச் சிறிய அளவில் சேகரித்துவரும் எனக்கும் ஒரு காலத்தில் அதே கணக்குத்தான் இருந்தது. பெரு நாட்டின் அயாகுச்சோவிலிருந்து வந்து என் அலமாரியில் இடம்பிடித்த ஒரு மரப்பெட்டிதான் அதைக் குலைத்தது.

இரண்டு கதவுகளைத் திறந்தால் உள்ளே இரண்டு தட்டுகளில் சின்னஞ்சிறு வண்ண உருவங்கள் நிற்கும் இந்தப் பெட்டியை இன்று எல்லோரும் 'ரெத்தாப்லோ' என்கிறார்கள். ஆந்தீஸ் மலைக் குடியானவர்களுக்கு அது 'சான் மார்கோஸ் பெட்டி'. மேல்தட்டில் கால்நடைகளின் காவலர்களான புனிதர்கள் இருப்பார்கள்: மாடுகளுக்கு மாற்கு, செம்மறிகளுக்கு யோவான், கோவேறு கழுதை ஓட்டிகளுக்கு அந்தோணியார். கீழ்த்தட்டில் மனிதர்களும் மந்தைகளும். உருளைக்கிழங்கு மாவையும் ஜிப்சம் பொடியையும் பிசைந்து உருவங்களைச் செய்வார்கள். கழுதை ஓட்டிகள் ஊர் ஊராகச் சுமந்துசென்று விற்ற இப்பெட்டி, கால்நடைகளுக்கு அடையாளமிடும் சடங்கின்போது நடுவில் வைக்கப்படும்.

பாட்டியிடம் தொழில் கற்ற ஹோவாக்கின் லோபெஸ் அந்தாய் என்பவர் இப்பெட்டிகளைச் செய்துவந்தார். 1940களில் லிமா நகரத்து ஓவியரும் சேகரிப்பாளருமான அலிசியா புஸ்தமாந்தே அவரைத் தேடிச்சென்று, புனிதர்களுக்குப் பதிலாக ஊர் வழக்கங்களைச் செய்துதரும்படி கேட்டார். அதன்பிறகு அறுவடையும் சேவற்சண்டையும் பெட்டிக்குள் குடியேறின. 'ரெத்தாப்லோ' என்ற பெயரும் நகரத்தார் வைத்ததே. என் அலமாரியில் இருப்பதும் அறுவடைக் காட்சிதான்; அதாவது, வாங்கவந்த ஒருவர் கேட்டதால் பிறந்த வகை. அதைப் போலி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை, ஏனெனில் அந்த விரல்களின் பழக்கமும் மாவின் பக்குவமும் பாட்டியிடமிருந்து வந்தவை. 1975ஆம் ஆண்டுக்கான பெருவின் தேசியப் பண்பாட்டு விருது அந்தாய்க்கு வழங்கப்பட்டபோது, கைவினைஞருக்குக் கலைஞருக்குரிய விருதா என்று ஓவியர்கள் பலர் எதிர்த்தார்கள். விருது கொடுத்தவர்கள்தான் சரி என்பது என் கருத்து.

ஆகவே சேகரிப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். அவருடைய ரசனையும் பணமும் பொருளுக்குள் நுழைந்துவிடுகின்றன. அப்படியிருக்க, செய்தவரின் பெயரைக் கேட்டுக் குறித்துவைப்பதையாவது அவர் செய்யவேண்டாமா? அலெக்சாண்டர் ஜிரார்டு என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சேர்த்த ஏறத்தாழ 1,06,000 பொருள்களை 1978இல் சான்ட்டா ஃபே நகரின் பன்னாட்டு நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1982இல் அவரே அமைத்த காட்சியில் பொருள்களுக்கருகே பெயர்ச்சீட்டே கிடையாது. படிப்பதற்கு முன் பார்க்கவேண்டும் என்று அவர் விரும்பினார். கையேடு தனியாக உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் சீட்டு இல்லாத இடத்தில் முதலில் மறைவது செய்தவரே. 1936இல் டோக்கியோவில் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்த யானாகி சோயெட்சு, பெயரற்ற கைவினைஞரின் படைப்பிலேயே அழகைக் கண்டவர். அவருடைய கண்ணை மதிக்கிறேன்; ஆனால் நம் சேகரிப்புகளில் 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதப்பட்டிருக்கும் இடங்களில் பலவற்றில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

கேட்டால், வாங்கவே கூடாத பொருள்களும் தெரியவரும். நியூ மெக்சிகோவின் சூனி மக்கள் மரத்தில் செதுக்கும் 'அஹாயுதா' என்ற காவல் தெய்வங்கள் திறந்தவெளியில் இருந்து மழையிலும் வெயிலிலும் உளுத்துப்போகவேண்டியவை. அவை ஊர்ப் பொது. தனியொருவர் விற்க உரிமையில்லை. 1978 தொடங்கி சூனி மக்கள் விடாமல் கேட்டதால் பல அருங்காட்சியகங்களும் தனியாரும் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பாதுகாப்பதே தொண்டு என்று நம்புகிறவர்களுக்கு இது கசக்கும். அய்யனார் கோயில் மண்குதிரைகள் மழையில் சிதைவதையும், அடுத்த நேர்த்திக்கடனுக்குப் புதுக்குதிரை வந்து நிற்பதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத செய்தியல்ல.

சென்ற ஆண்டு ஒரு பழம்பொருள் கடையில் அப்படியொரு குதிரைத் தலை விலைக்கு இருந்தது. பாசி படிந்து, ஒரு காது உடைந்து, மிக அழகாக இருந்தது. எந்த ஊர்க் கோயிலுடையது, வேளார் யார் என்று கேட்டேன். "மொத்தமா வந்த சரக்குல இருந்துச்சு சார்" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்காமலேயே வெளியே வந்துவிட்டேன்.