கிளாஸில் வழியும் கோடு தரத்தைச் சொல்லாது

“ஒயின் கிளாஸைச் சுழற்றியதும் உட்பக்கத்தில் கோடுகள் தடிமனாக, மெதுவாக இறங்கினால் அது உயர்தர ஆஸ்திரேலிய ஷிராஸ்” என்று அந்தச் சிவப்பு ஒயினைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி யாரும் பாட்டில் வாங்கிவிடக் கூடாது.

அந்தக் கோடுகளுக்கு முக்கியக் காரணம் ஆல்கஹால். கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிறது. அதனால் அங்கே பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பு தன்னை இறுக்கிக்கொள்ளும் விசை) கூடி, கீழே இருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது. அது சேர்ந்து கனத்ததும் துளியாக வழிகிறது. 1855-லேயே இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். சந்தேகம் இருந்தால் கிளாஸை ஒரு தட்டால் மூடிப் பாருங்கள், ஆவியாவது நின்றதும் கோடுகளும் நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு வெப்பமானது. திராட்சையில் சர்க்கரை ஏறி, ஷிராஸில் ஆல்கஹால் 14.5 சதவீதம் வரை சாதாரணமாக வரும். அந்நாட்டின் இன்னொரு ஒயின் பகுதியான ஹண்டர் பள்ளத்தாக்கின் ஷிராஸ் பெரும்பாலும் அதைவிட ஆல்கஹால் குறைந்து, இலேசானது. அவர் சொல்லும் கோட்டுக் கணக்குப்படி அது மட்டமாகிவிடும். ஆனால் நல்ல ஹண்டர் ஷிராஸ் பல பத்தாண்டுகள் முதிர்ந்து அழகாகும். அதை இப்படி ஒதுக்குவது பெரிய அநியாயம்.

ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் இருந்த 20 புள்ளி முறையைப் பாருங்கள். தோற்றத்துக்கு வெறும் 3, மணத்துக்கு 7, வாயில் கிடைக்கும் சுவைக்கு 10. சரி, அப்புறம் எதைக் கவனிப்பது? புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கிறதா, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைத்தான்.