தாமோதரன் வயிற்றில் இருப்பது கயிறுதான்

போன வாரம் ஒரு உபன்யாசம் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. கண்ணனின் பெயரான தாமோதரன் என்றால் புலன்களை அடக்கியவன் என்று பொருளாம், யசோதை வயிற்றில் கட்டிய கயிற்றுக் கதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்வதாம். போகிறபோக்கில் தள்ளிவிட்டார்.

சரி, அந்தப் பொருள் இல்லாமலில்லை. மகாபாரத உத்யோக பர்வத்தில் திருதராஷ்டிரனுக்குக் கண்ணனின் பெயர்களை விளக்கும் சஞ்சயன் 'தமம்', அதாவது அடக்கம், என்றுதான் காரணம் சொல்கிறான். விஷ்ணு சகஸ்ரநாமத்தில் இது 367-வது பெயர். அங்கே சங்கரர் எழுதிய உரையான சங்கர பாஷ்யமும் அடக்கத்தை முதலில் வைத்து, அப்புறம் யசோதை கட்டியதைச் சொல்லி, உலகங்களை வயிற்றில் கொண்டவன் என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறது. ஆனால் குறிலில் 'தம' என்று தொடங்கினால் தமோதரன் என்றல்லவா வரவேண்டும்? அந்த நெடிலுக்குத் தனியாகச் சமாதானம் தேட வேண்டும். தாமம் கயிறு, உதரம் வயிறு என்றால் ஒரு சிக்கலும் இல்லை.

கதையும் லேசுப்பட்டதில்லை. பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் யசோதை பிள்ளையைக் கட்டப் போகிறாள், கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொன்றை முடிந்தால் அதுவும் இரண்டு விரற்கடை குறைகிறது, வீட்டிலிருக்கும் கயிறெல்லாம் தீர்ந்தும் அதே கதைதான். உடம்பெல்லாம் வியர்த்து, கொண்டைப் பூ உதிர்ந்து நிற்கிறாள். அம்மா களைத்துப்போனதைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் பிள்ளை கட்டுப்படுகிறான். எதிலும் அடங்காதவன் ஒரு மாட்டுக் கயிற்றுக்கு அடங்கிய பெயரை எடுத்து, அடக்கம் பற்றிய பாடமாக்குவானேன்?

நம் ஆழ்வார்களுக்கு இந்தக் கூச்சம் இல்லை. 'தாயைக் குடல் விளக்கம் செய்த தாமோதரன்', அதாவது பெற்ற வயிற்றை விளங்கச் செய்தவன், என்கிறாள் ஆண்டாள். மதுரகவி எடுத்த எடுப்பிலேயே 'கண்ணி நுண் சிறுத்தாம்பு' என்று அந்தக் கயிற்றைத்தான் கையில் எடுக்கிறார். முடிச்சுப் போட்ட, உடம்பில் உறுத்துகிற கயிறு. உரலோடு கட்டுண்டு ஏங்கிய எளிமையை நினைத்து 'எத்திறம்', இது என்ன தன்மை, என்று வியந்த நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்று வைணவர்கள் சொல்வார்கள். குழந்தைக் கதைக்கா?

இன்னொன்று. மந்திரம் சொல்லித் தண்ணீர் உட்கொண்டு அங்கங்களைத் தொடும் ஆசமனத்தில் கேசவனில் தொடங்கும் பன்னிரண்டு பெயர்களில் கடைசி இதுதான், அப்போது தொடுவது தலையை. வயிற்றுப் பெயருக்கு எதற்குத் தலை என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டேன். "தொட்டுட்டு வா, காப்பி ஆறுது" என்றார்.