நார்மன் ஆஸ்பார்ன் திருந்தி அவெஞ்சர்ஸில் சேரவில்லை

"கிரீன் காப்ளினே திருந்தி அவெஞ்சர்ஸில் சேர்ந்தான், அப்புறம் எந்த வில்லனையும் சேர்க்கலாம்" என்று கும்பகோணம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கிரீன் காப்ளின் என்பது ஸ்பைடர்மேனின் எதிரி நார்மன் ஆஸ்பார்னின் வில்லன் பெயர்; அவெஞ்சர்ஸ் மார்வெல் காமிக்ஸின் ஹீரோக்கள் அணி.

நேற்று அரசலாற்றங்கரை டீக்கடையில் ஒரு தம்பி அதைப் போனில் காட்டினான். அந்தச் செய்தியோடு வந்த படத்தில் இருப்பது 2009-இல் வந்த டார்க் அவெஞ்சர்ஸ் காமிக்ஸ். உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளான ஸ்க்ரல்களின் ராணியைச் சுட்டுக் கொன்ற பெயரை வைத்து ஆஸ்பார்ன் அரசாங்க அதிகாரத்தைப் பிடிக்கிறான், அயர்ன் மேன் கவசத்துக்குக் கேப்டன் அமெரிக்கா நிறம் பூசி மாட்டிக்கொள்கிறான், கொலைகாரன் புல்ஸ்ஐ கையில் வில்லாளி ஹீரோ ஹாக்ஐயின் வில்லைக் கொடுக்கிறான். எல்லாம் வேஷம்.

நிஜமாகத் திருந்திச் சேர்ந்தவர்கள் வேறு. 1965-இல், அவெஞ்சர்ஸ் 16-ஆம் இதழில், ஹாக்ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிய ஆஸ்பார்னை இவர்களோடு சேர்க்காதீர்கள் தம்பிகளா, எனக்கு மனசு பொறுக்கவில்லை.