லீடர் கையில் சாக்பீஸ்

ஏழாம் வகுப்பில் நான்தான் லீடர். தேர்தல் எல்லாம் கிடையாது. மிஸ் கைகாட்டினார், ஆகிவிட்டேன். வேலை ஒன்றே ஒன்று: அவர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு. மூன்று இன்ட்டு விழுந்தால் அடி. பக்கத்தில் உட்காருகிற நண்பன் பெயருக்கு மூன்றாவது இன்ட்டு போட்டவன், மிஸ் வருகிற சத்தம் கேட்டதும் பெயரையே அழித்துவிட்டேன். மறுநாள் அவனுடைய புது ரப்பர் என் பென்சில் பாக்ஸில் இருந்தது.

அதே வாரம் நீதிபோதனை பீரியடில் நேர்மை பற்றிக் கட்டுரை. எனக்குத்தான் முதல் மார்க்.

"பள்ளிக்கூடம் படிப்பை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா, ஒழுக்கத்தையும் குடிமைப் பண்பையும் வளர்க்க வேண்டாமா?" என்று யாராவது பதிவு போடும்போதெல்லாம் எனக்கு அந்த ரப்பர் ஞாபகம் வரும். இப்போது ஏதோ வளர்க்காமல் சும்மா இருப்பது மாதிரி பேசுகிறோம். தினமும் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிகாரம் என்றால் என்ன, அதை யாருக்காக வளைக்கலாம், வளைத்தால் என்ன கிடைக்கும் என்பதை எனக்கு ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம்தானே?

1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 10,000க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து நேர்மை பற்றி ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று சுவாரசியமானது. பிள்ளைகளின் விடைத்தாளை வாங்கி, தெரியாமல் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, "நீயே திருத்தி மார்க் போட்டுக்கொள்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். 1928இலிருந்து 1930க்குள் முடிவுகள் புத்தகங்களாக வந்தன. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோர் இடத்தில் ஏமாற்றியிருந்தது. நல்லொழுக்க போதனை கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடப் பெரிதாக மேம்பட்டுவிடவும் இல்லை. இது தெரிந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. நாம் இன்னும் பீரியட் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம்.

1973இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை இன்னும் குறும்பு. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்துக்கொண்டிருந்த மாணவர்களை, பேச்சு ஒன்று கொடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகிக்கொண்டிருந்தார் (நடிப்புதான்). அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "நேரமாகிவிட்டது, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப்போனார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை.

மணி அடித்து மணி அடித்து ஓடவைக்கிற இடம் பள்ளிக்கூடம். கீழே விழுந்தவனைத் தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்துக் கூட்டிவருகிற பிள்ளை வகுப்புக்கு லேட். வாசலில் நிற்கவைப்பார்கள். "ஏன் லேட்?" என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்கிற ஆசிரியர் கிடைத்தால் அந்தப் பிள்ளை பாக்கியசாலி.

ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கிற வீடியோ வருஷத்துக்கு நாலு தடவை சுற்றுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே அது முறைவைத்து எல்லோரும் செய்கிற வேலை. தண்டனையாகத் துடைப்பத்தை நீட்டினாலோ, கழிப்பறைக்கு மட்டும் குறிப்பிட்ட சில பிள்ளைகளையே அனுப்பினாலோ, அங்கே கற்றுக்கொடுக்கப்படுவது வேறொரு பாடம்.

யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் போலந்தின் வார்சாவில் 1912 முதல் ஓர் அனாதை இல்லம் நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் உண்டு. அதன் சட்டப்பிரிவுகளில் முதல் 99 மன்னிப்பு பற்றியவை. பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். ஒரு பையன் காதில் அறைந்தது, ஒரு சிறுமி திருடியதாகச் சந்தேகப்பட்டது என்று அரை வருஷத்தில் ஐந்து தடவை கோர்ச்சாக்கே தன்மேல் வழக்குப் போட்டுக்கொண்டார்.

ஐம்பது பிள்ளைகளையும் சிலபஸையும் கட்டி இழுக்கிற ஆசிரியரிடம் போய் நீதிமன்றம் நடத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தப்பாக ஒருவனைத் திட்டிவிட்டால், எந்த வகுப்பின் முன்னால் திட்டினாரோ அதே வகுப்பின் முன்னால் "தப்பு என்மேலதான்ப்பா" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். பன்னிரண்டு வருஷப் படிப்பில் நான் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இந்த வருஷம் என் மகள் லீடர். ரப்பர் கதையைச் சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் மிஸ்கிட்ட சொன்னியாப்பா?"

இல்லை. இதுதான் முதல் தடவை.