வர்ணனை மட்டுமா வெட்டுப்படுகிறது?

“சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பில் நீளமான வர்ணனைகள்தான் போகும், கதை அப்படியே இருக்கும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 1726-இல் வந்த கலிவரின் பயணங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தில் நான்கு பயணங்கள். பல சிறுவர் பதிப்புகள் குள்ளர்கள் நாடு, அப்புறம் ராட்சதர்கள் நாடு, அதோடு கடையைக் கட்டிவிடுகின்றன. மற்ற இரண்டு பயணங்களில் வரும் பறக்கும் தீவும் பேசும் குதிரைகளும் வர்ணனையா என்ன? குள்ளர்களின் அரண்மனையில் பற்றிய தீயைக் கலிவர் சிறுநீர் கழித்துத்தான் அணைக்கிறார், அதைச் சுருக்கப் பதிப்பில் தேடிப் பாருங்கள்!

ராபின்சன் குரூசோ நாவலின் கதி இன்னும் மோசம். மூலத்தில் குரூசோ, அடிமையாக இருந்த இடத்திலிருந்து தன்னோடு தப்பி வந்த சூரி என்ற பையனை, காப்பாற்றிய கப்பல் தலைவனிடமே 60 வெள்ளிக் காசுக்குக் கொடுத்துவிடுகிறான். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கினானே, அந்தப் பயணமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரக் கிளம்பியதுதான். இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாவப்பட்ட ஒரு மாலுமி, வேறு ஆள்.

சுருக்குவதே தப்பு என்று சொல்லவில்லை, நானும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். புதையல் தீவுக்கு வேண்டுமானால் அவர் சொல்வது ஓரளவு பொருந்தலாம், அது முதலிலேயே சிறுவர் இதழில் தொடராக வந்த கதை.