பில்தாத் சொன்ன வசனம்

அந்தச் சகோதரியின் பதிவைப் பற்றி முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தீர்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், "இன்றைக்கு எனக்கு ஜெபம் வரவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதினார். அதன் கீழே வந்து குவிந்ததையும் பார்த்தீர்கள். பூப்போட்ட பின்னணி, ஓரத்தில் ஒரு புறா, நடுவில் தங்க எழுத்தில் "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்". அதற்கும் கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென்.

"இந்த வசனத்தை இந்த இடத்தில் போட வேண்டாம் பிரதர், அவங்களைக் கொஞ்சம் அழ விடுங்க" என்று எழுதினேன். எழுதினது அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த பட்டம், "வசனத்தின் வல்லமையை மறுதலிக்கிறவன்". ரொம்ப நன்றி. பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன். ஒரு சின்னக் கேள்விக்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள். அந்த வசனத்தைப் பேசினது யார்?

கர்த்தர் பேசவில்லை. தீர்க்கதரிசி யாரும் பேசவில்லை. யோபு 8:7. பேசுகிறவன் யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதரில் ஒருவன், சூகியனான பில்தாத். ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபு என்கிற தகப்பனைப் பார்த்துப் பேசுகிறான். அதற்கு மூன்று வசனம் மேலே, 8:4-ஐ வாசித்துப் பாருங்கள். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதன் ஆக்கினைக்கு தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்திருப்பார் என்கிற தொனியில் ஆரம்பிக்கிறான். செத்தவர்கள் செத்தது அவர்கள் தப்பு, நீ ஒழுங்காக இருந்தால் உன் முடிவாவது நன்றாக இருக்கும். தங்க எழுத்து வசனம் கிளம்பி வந்த இடம் இதுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கர்த்தர் கடைசி அதிகாரத்தில் இன்னொரு சிநேகிதனான எலிப்பாசிடம் என்ன சொன்னார்? "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். அந்த இரண்டு சிநேகிதரில் ஒருவன் பில்தாத். பிள்ளைகளை இழந்த தகப்பனைக் குத்தின அதே வார்த்தையை எடுத்து, புறா வைத்து, பிள்ளையை இழந்த தாய்க்கு அனுப்பியிருக்கிறோம். அதைச் சொன்ன நான் வல்லமையை மறுதலிக்கிறவன்.

வசனத்துக்கு வல்லமை உண்டு. உங்களைவிட அழுத்தமாக நான் நம்புகிறேன். நம்புவதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வல்லமை இல்லாத ஒன்றை எங்கே போட்டால் எனக்கென்ன? "இருபுறமும் கருக்குள்ள எந்தப் பட்டயத்திலும் கருக்கானதாயும்" என்று எபிரெயர் 4:12-ஐ மனப்பாடமாக ஒப்பிக்கிறோமே, அந்தப் பட்டயம் யாரை வெட்டுகிறது என்று அதே வசனத்தில் இருக்கிறது. "இருதயத்தின் நினைவுகளையும் யோசனைகளையும் வகையறுக்கிறதாயும்." யாருடைய இருதயம்? வாசிக்கிறவனுடைய இருதயம். நம்மில் பலர் இருதயத்தைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பட்டயத்தை அடுத்தவர் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறோம்.

"ஏசாயா 55:11 தெரியாதா? வசனம் வெறுமையாய்த் திரும்பாது" என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும் ஐயா. "நான் அதை அனுப்பின காரியம் ஆகும்படி வாய்க்கும்" என்று அதே வசனம் முடிகிறது. அவர் அனுப்பின காரியம். நீங்கள் ஃபார்வர்ட் பண்ணின காரியம் இல்லை. இயேசு சோதிக்கப்பட்டபோது, தேவாலயத்து உப்பரிகையில் அவரிடம் 91-ஆம் சங்கீதத்தை எடுத்து நீட்டினது யார் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். பிசாசு. இயேசு உடனே "ஆமென்" சொல்லிவிடவில்லை. உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். ஒரு வசனத்தை மற்ற வசனங்களோடு சேர்த்து வாசிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்?

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசவில்லை. என் அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது ஒரு ஊழியக்காரர் வந்தார். பெயர் வேண்டாம். அம்மா முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அதன் எலாஸ்டிக் பதிந்து இரண்டு கன்னத்திலும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. "வசனத்தை வாயால் அறிக்கையிடுங்கம்மா, அப்போதான் விடுதலை" என்றார். அம்மா இரண்டு விரலால் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்து "அவருடைய தழும்புகளால்" என்றார். "குணமாகிறோம்" வரவில்லை, மூச்சு பத்தவில்லை. "சத்தமா சொல்லுங்கம்மா, விசுவாசத்தோட சொல்லுங்க." மறுபடியும் தூக்கினார். மறுபடியும் பாதியில் நின்றது. நர்ஸ் வந்து அவரை வெளியே போகச் சொல்லும்வரை இது நடந்தது. அடக்கம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, "அறிக்கையில கொஞ்சம் உறுதி இருந்திருக்கலாம்" என்றார். என் அம்மா வாழ்நாளெல்லாம் முழங்காலில் நின்றவர். அவரைச் சொன்னார்.

அம்மாவுக்கு வசனம் ஆறுதல் தரவில்லையா? தந்தது. எந்த வசனம் என்று கேளுங்கள். ராத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பேன். 23, 91, 121 என்று எல்லாரும் வாசிக்கிறதைத்தான் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையால் "போதும்" என்று காட்டிவிட்டு, "எண்பத்தெட்டு வாசி" என்றார். நான் அதுவரை அதை நின்று வாசித்ததில்லை. வாசித்தவர்களுக்குத் தெரியும். தாவீதின் புலம்பல்கள்கூடப் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஆரம்பத்தில் ஒரு வெளிச்சம், அதற்குப் பிறகு ஒரே இருட்டு. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடியும். ஆமென்கூடக் கிடையாது. வாசித்து முடித்துவிட்டு எனக்கே சங்கடமாக இருந்தது. அம்மா சொன்னார், "இதையும் வேதத்துல வெச்சிருக்காரே."

வசனத்தின் வல்லமையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஜெபம் வராத ஒருவருக்கு, "எனக்கு ஜெபம் வரவில்லை" என்பதையே ஜெபமாக எழுதி வைத்திருக்கிற புத்தகம் அது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்கிற 22-ஆம் சங்கீதத்தைச் சிலுவையில் ஆண்டவரே எடுத்துச் சொன்னார். அந்தச் சகோதரி எழுதின அந்த ஒரு வரி, நம் ஆமென்களைவிட வேதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திருத்தத்தான் எல்லாரும் ஓடினோம்.

எரேமியா 29:11 மட்டும் என்ன பாடு படுகிறது! "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சைக்கு, விசாவுக்கு, கல்யாணத்துக்கு எல்லாவற்றுக்கும் அதே மாத்திரை. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இப்போதைக்குத் திரும்பி வருவதாக இல்லை என்று சொல்கிற கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் அங்கேயே செத்திருப்பார்கள். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்றான். இன்றைக்கு இருந்தால் அவனுக்குத்தான் ஃபாலோயர்கள் அதிகம். அந்த வருஷமே செத்துப்போனான்.

நறுக்கி எடுக்கப்பட்ட வேதம் என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு. எகிப்திலிருந்து இஸ்ரவேல் விடுதலையாகி வந்த கதை இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 உண்டு. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்கிற கலாத்தியர் 3:28 இல்லை. அவர்கள் அதில் ஒரு பொய் வசனத்தையும் சேர்க்கவில்லை. எல்லாம் அசல் வசனம். வெட்டினார்கள், அவ்வளவுதான். யாத்திராகமத்தை ஒரு அடிமை முழுசாக வாசித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வசனத்தின் வல்லமையை அவர்கள் நம்பின அளவுக்குக்கூட நாம் நம்பவில்லையோ என்று சில நேரம் தோன்றுகிறது.

உடனே "எங்களை அடிமை வியாபாரிகளோடு ஒப்பிடுகிறீர்களா" என்று கிளம்புவீர்கள். ஒப்பிடவில்லை. நீங்கள் நல்ல மனதோடுதான் போட்டீர்கள். எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக யோபுவோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அருமையான ஊழியம். எட்டாவது நாள் வாயைத் திறக்கப்போய்த்தான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள். நாம் ஏழு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

"எல்லாருக்கும் அதிகாரம் அதிகாரமாக வாசிக்க முடியுமா? வயசானவர்கள், வேலைக்கு ஓடுகிறவர்கள், அவர்களுக்கு ஒரு வசனம்தானே பிடிமானம்?" இது நியாயமான கேள்வி. ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் கரையேறினவர்கள் உண்டு, அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் அதைத் தாங்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தவர் முகத்தில் எறியவில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

"நீ என்ன பெரிய வேத பண்டிதனா?" என்று இன்னொருவர். இல்லை. பெரோயா பட்டணத்து யூதர்கள் பவுல் சொன்னதையே அப்படியா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17:11. பவுல் கோபப்பட்டதாக எழுதியில்லை. இவருக்கு மட்டும் கோபம் வருகிறது.

எனக்கு வலித்தது அந்நியர்கள் பேசினது இல்லை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடினவர், என் அம்மாவின் அடக்கத்துக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நேற்று அந்தக் கமெண்டுக்கு லைக் போட்டிருந்தார். அழைத்தேன், எடுக்கவில்லை. "ஜெபத்தில் தாங்குகிறேன்" என்று மெசேஜ் வந்தது. அதிலும் கீழே ஒரு வசனம்.

அந்தச் சகோதரி இன்று காலையில் பதிவையே நீக்கிவிட்டார். வாய் திறந்து "முடியவில்லை" என்று சொன்ன ஒரே இடத்தையும் மூடிவிட்டோம். ரோமர் 12:15-உம் வசனம்தான், "அழுகிறவர்களுடனே அழுங்கள்". அதை யாரும் புறா போட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை.

இதன் கீழேயும் எனக்கு வசனம் போட வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள். போடுவதற்கு முன்னால் அந்த வசனம் இருக்கிற புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்துவிட்டு வாருங்கள். யோபு என்றால் 42 அதிகாரம். எனக்கு அவசரம் இல்லை.