மோசமான மின்னூல்களை அழித்துவிடுங்கள், ஆனால் பார்த்து அழியுங்கள்

"மின்னூல்தானே, இடத்தையா அடைக்கிறது, கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று பலரும் சொல்கிறார்கள். இடத்தை அடைக்காதுதான். படமில்லாத நாவல் பெரும்பாலும் ஓரிரு எம்பிதான். ஆனால் இரவில் அரைமணி நேரம் படிக்க உட்காருபவர் முந்நூறு அட்டைகளைத் தள்ளித் தள்ளித் தேடினால் அதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆசையாய் வாங்கிய நல்ல நூல் எங்கோ அடியில் கிடக்கும். எனவே மோசமான எழுத்தை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

அழிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கெட்டிருப்பது கோப்பா, எழுத்தா? பழைய அச்சுநூலை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் வழியாக எடுத்த கோப்புகளில் ரகரமும் துணைக்காலும் குழம்பிவிடும். 'மரம்' 'மாம்' ஆகும். 'அவர்' 'அவா்' ஆகும். இதற்காக நல்ல நூலைத் தூக்கி எறிவது அநியாயம். நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாத இபப் (மின்னூல்களின் பொதுவான வடிவம்) கோப்பு என்றால், மின்னூல்களைச் சேர்த்துவைக்கவும் திருத்தவும் உதவும் இலவச மென்பொருளான காலிபரில் 'எடிட் புக்' திறந்து, 'ா்' வருமிடமெல்லாம் 'ர்' என்று ஒரே தட்டில் மாற்றிவிடலாம். துணைக்காலுக்கு மேல் புள்ளி வைக்கும் வழக்கம் தமிழில் இல்லை என்பதால் தப்பு நேராது. 'கௌரி'யை 'கெளரி' என்று அடித்திருப்பதை மட்டும் மொத்தமாக மாற்றப் போகாதீர்கள். 'வெளி', 'தெளிவு' எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய இலக்கியம் என்றால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தில் அதே நூல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எழுத்தே கெட்டிருந்தால் மருந்து இல்லை. ஒற்றுப்பிழைக்காக நான் எதையும் அழிக்கச் சொல்லமாட்டேன். மெய்ப்புத் திருத்த ஆளில்லாமல் தனியாக வெளியிடுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் ஒரே உரையாடலில் அப்பாவை மகன் ஒருமுறை 'நீங்கள்' என்றும் மறுவரியில் 'நீ' என்றும் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இயந்திர மொழிபெயர்ப்பு சறுக்கும் இடம் அது. 'அவர் வந்தான்' என்று எழுவாயும் வினைமுற்றும் ஒட்டாமல் போவதும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால், திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரை நூலுக்குள் தேடிப் பாருங்கள். 'பெருமூச்சு விட்டாள்' நாற்பது இடத்தில் வந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

சில நூல்களில் கதை இழுத்துக்கொண்டே போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமேசானின் மாதச் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிடெடில் 2015 ஜூலை முதல் எழுத்தாளருக்குப் பணம், வாசிக்கப்பட்ட பக்கக் கணக்கில்தான் போகிறது. நூறு பக்கத்தில் முடிய வேண்டிய கதை நானூறு பக்கம் ஓடுவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, அழிக்கும் முறை. அமேசானின் வாசிப்புக் கருவியான கிண்டிலில் 'ரிமூவ் டவுன்லோட்' (பழைய கருவிகளில் 'ரிமூவ் ஃப்ரம் டிவைஸ்') கொடுத்தால் அந்தக் கருவியிலிருந்து மட்டும்தான் போகும். கணக்கில் அப்படியே இருக்கும், நூலகப் பட்டியலிலும் மறுபடி தலைகாட்டும். நிரந்தரமாகப் போக வேண்டுமென்றால் அமேசான் தளத்தில் 'மேனேஜ் யுவர் கன்டென்ட் அண்ட் டிவைசஸ்' பக்கத்துக்குப் போய் 'டிலீட்' கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியதை இப்படி நீக்கிவிட்டால் பிறகு வேண்டுமானால் மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே இதை மட்டும் அவசரமில்லாமல் செய்யுங்கள். அன்லிமிடெட் நூல்களுக்கு 'ரிட்டர்ன்' போதும்.

காலிபரில் பலருக்கும் தெரியாத ஒன்று: நூலைச் சேர்க்கும்போது அது தன் நூலகத்துக்குத் தனிப் பிரதி எடுத்துக்கொள்ளும். அங்கே அழித்தாலும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் மூலக்கோப்பு கிடக்கும். இரண்டு இடத்திலும் பாருங்கள்.

மோசமான நூலிலும் அடிக்கோடிட இரண்டு வரி கிடைத்திருக்கலாம். கிண்டில் கருவியில் அவை 'மை கிளிப்பிங்ஸ்' என்ற தனிக் கோப்பில் சேர்ந்திருக்கும். யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து அதை எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அழியுங்கள்.